சுவரில் ஒட்டிய யூத நாட்காட்டி

ஒரகடத்தில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பொருள் வாங்கும் பிரிவில் வேலை. எஃகைச் சீவும் வெட்டுமுனைகளை இஸ்ரேலில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து வரவழைப்பது என் பொறுப்பு. விரல் நகம் அளவுதான் இருக்கும்; அது இல்லாவிட்டால் உற்பத்தி லைன் நின்றுவிடும்.

ஒரு புரட்டாசியில் நின்றேவிட்டது. மூன்று வாரமாக என் மெயில்களுக்கு ஒழுங்கான பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் கேட்டார்: "ஃபாலோ-அப் பண்ணத் தெரியலன்னா இந்த சீட்ல எதுக்கும்மா உக்காந்துகினு இருக்கீங்க?"

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி, அழுததாக யாரும் நினைக்கக் கூடாதென்று பொட்டைச் சரியாக வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அந்தக் கம்பெனிப் பெண்மணி மெயில் அனுப்பினார். பண்டிகைக் காலம், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். மேலாளரிடம் காட்டினேன். "இதெல்லாம் சாக்கு" என்றார்.

மார்கழியில் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், வரப்போகும் வருடத்துக்கு இலவசமாக அச்செடுக்கும் நாட்காட்டி கிடைக்குமா என்று தேடினேன். பூப்போட்டது, பிள்ளைகளுக்கானது, வெறும் கட்டம் மட்டும் உள்ளது என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் யூத நாட்காட்டியும் இருந்தது. டப்பாவை மூடிவைத்துவிட்டு அதையே படித்தேன்.

அவர்களுக்கு நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. வெள்ளி மதியமே கடையைக் கட்டினால் ஞாயிறு காலைதான் திறப்பார்கள். நான் வாராவாரம் வெள்ளி சாயங்காலம் அவசர மெயில் அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன்! மாதங்கள் நிலாக் கணக்கு. புது வருடம் புரட்டாசி வாக்கில் ஓர் அமாவாசையை ஒட்டி வருகிறது. பத்தாம் நாள் பெரிய நோன்பு, பௌர்ணமியிலிருந்து ஒரு வாரம் இன்னொரு பண்டிகை. எங்கள் தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரும் வருடம் அவர்களுடைய நோன்பும் நம்முடைய விஜயதசமியும் ஒரே நாள். நாம் மெஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு லீவு எடுக்கலாம், அவர்கள் எடுத்தால் சாக்கா?

பன்னிரண்டு பக்கங்களையும் ஆபீஸ் பிரின்டரில் எடுத்து, பண்டிகைக் கட்டங்களைச் சிவப்பில் தீட்டி, என் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினேன். இரண்டாம் நாள் மேலாளர் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கம்பெனி காலண்டர் ஒண்ணு கீதுல்ல, அது போதாதா?"

"லைன் ஏன் நின்னுதுன்னு கேட்டீங்களே சார். அதுக்குப் பதில் இதுல இருக்கு."

அவரே கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் திரும்ப ஒட்டினேன். அதையும் கிழித்தார். கம்பெனித் தாளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதாக மெமோ வந்தது. மனிதவள அதிகாரி தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. ஃபைலுக்குத்தான்."

"போட மாட்டேன் சார். இது சொந்த வேலை இல்ல. இதைத்தான் என் பதில்னு எழுதிக்கோங்க."

தாளை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

அன்று சேரப்பணஞ்சேரி ஜெராக்ஸ் கடையில் என் காசில் அச்செடுத்து லேமினேஷனும் போட்டேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மதம் மாறிட்டியா?" என்றார். "ஆமாண்ணா, திட்டு வாங்காத மதம்" என்றேன். மறுநாள் அதை ஒட்டியபோது மேலாளர் நின்று பார்த்தார். லேமினேஷனைக் கையால் கிழிக்க முடியாது.

ஆடியிலேயே புரட்டாசிக்கும் சேர்த்து ஆர்டர் எழுதினேன். சரக்கு தேங்கும் என்று மேலாளர் கையெழுத்துப் போட மறுத்தார். பண்டிகை வரும் மாதத்து நாட்காட்டிப் பக்கத்தை இணைத்து, அவருக்கு அனுப்பிய மெயிலிலேயே ஆலைத் தலைவரையும் சேர்த்தேன். 'இப்போது ஆர்டர் போடாவிட்டால் லைன் நிற்கும். நின்றால் அதற்கு நான் பொறுப்பல்ல' என்று முடித்திருந்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நான்கு முறை படித்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றும் யோசித்துவைத்தேன். சாயங்காலம் மண்ணூர் பஸ்ஸில் ஏறும்போது பதில் வந்தது. 'அனுமதி' என்று ஒரே சொல்.

ஆவணி முடிவதற்குள் பெட்டிகள் வந்து இறங்கின. புரட்டாசி முழுக்க லைன் ஓடியது. முன்கூட்டியே திட்டமிட்டதற்காகக் கூட்டத்தில் மேலாளருக்குக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த வருடம் என் சம்பள உயர்வு மற்றவர்களைவிடக் குறைவு. காரணம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறேன்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுமதி பெறாத எதையும் சுவரில் ஒட்டக் கூடாதாம். அதே வாரம் ஸ்டோர்ஸ் அண்ணன் என் மேஜைக்கு வந்து, "அந்த யூதக் காலண்டர் எனக்கும் ஒண்ணு குடும்மா, சரக்கு எப்ப வரும்னு இங்க ஒருத்தனும் சொல்ல மாட்டேன்றான்" என்றார். அடுத்த வருடத்துக்கானதை எடுத்துக்கொண்டு அவரோடு ஸ்டோர்ஸுக்குப் போனேன். சுற்றறிக்கைக்குப் பக்கத்தில்தான் சுவரில் இடம் காலியாக இருந்தது. அங்கேயே ஒட்டினோம்.