இரண்டு விரல் கீழே

நோலீன் கிராட்டியின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. மனசைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

வாரிகோ ஆற்றுப் பக்கத்தில் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் துப்பாக்கியை அவள் கொட்டகைக்குத்தான் கொண்டுவருவார்கள். தூரத்துக்குப் பெரிய தொலைநோக்கி ஏற்கெனவே இருக்கும். புதரிலிருந்து பன்றி பாய்ந்து வந்தால் அதில் வெறும் ரோமம்தான் தெரியும். அதனால் பக்கவாட்டில், சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் பொருத்துவாள். துப்பாக்கியைச் சாய்த்தால் புள்ளி கண்ணுக்கு நேரே வரும். ஐம்பது மீட்டரில் தகரத்தை நட்டு, புள்ளி நிற்கிற இடத்தில் தோட்டா விழும்வரை திருகிக்கொண்டே இருப்பாள்.

கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்று சொல்வாள். கண்ணாடி குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது; தொட்டுவிடும் தூரத்தில் சுட்டால் தோட்டா புள்ளிக்கு இரண்டு விரல் கீழேதான் போகும், அந்த அளவு ஏற்றிப் பிடி என்பாள். குடித்துவிட்டு வந்தவனிடம்கூடச் சொல்வாள்.

மெர்வ் ஹாட்ரிக்கிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் வேலியோரம் வைத்த விஷ இறைச்சியைத் தின்று அவள் நாய் மதியம் முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தது. அந்த வழியாக வண்டியில் வந்த மெர்வ், கையில் துப்பாக்கி இருந்தும், ஒரு குண்டில் அதன் வலியை முடிக்க நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போனான். நானாக இருந்தாலும் மறந்திருக்க மாட்டேன்.

கண்ணாடி பொருத்தக் கொடுத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்க வந்த அன்று மெர்வ் பதறிப்போயிருந்தான். ஜோடி என்ற அவன் மகளின் குதிரை கால் முறிந்து கிடந்தது. வலி தெரியாமல் ஒரே தோட்டாவில் முடிப்பதாக மகளிடம் சத்தியம் செய்திருந்தான்.

"நெத்திக்குக் கிட்ட நின்னுதான் சுடணும், நோலீன். இந்தப் புள்ளிய நம்பலாமா?"

"எங்க வைக்கிறியோ அங்க போகும்."

முதல் தோட்டா மூக்கெலும்பில் நுழைந்தது. தலைக்கயிற்றைப் பிடித்திருந்த ஜோடியையும் இழுத்துக்கொண்டு குதிரை முறிந்த காலோடு எழுந்து சுற்றியது. இரண்டாவது தாடையைப் பெயர்த்தது. பிறகுதான் அவன் புள்ளியை விட்டுவிட்டு, குழலைக் காதோரம் அழுத்திச் சுட்டான்.

சாயங்காலம் மெர்வ் கொட்டகைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சட்டை முழுக்க ரத்தம். அவளை அடிப்பான் என்று நினைத்து எழுந்தேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். நாயைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"மொதக் குண்டுக்கப்புறமும் ஜோடி கயித்த விடல. 'முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு, அப்பா ஒண்ணுதான்னு சொன்னாரு'ன்னு குதிரைகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தா."