ரெண்டு ஒயர்

போன வாரம் எங்கள் வீட்டு டிவிப் பெட்டி என்னிடம் இப்படிச் சொன்னது: 'இடம் நிரம்பிவிட்டது. பழையவற்றை அழிக்கவும்.'

எழுபத்திநாலு வயதுக்காரனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிரம்புகிற அளவுக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நான் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். மாத்திரைகள், மாடிப்படிகள், தெருவில் புதிதாக வந்த நாய்க்குட்டிகள் — எல்லாவற்றுக்கும் என்னிடம் எண்ணிக்கை உண்டு. ரிமோட்டில் நாற்பத்திமூன்று பொத்தான்கள். எனக்குப் பழக்கமானவை ஏழு.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சேனலைப் பதிவு செய்கிற பெட்டி. எங்களுக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் ராத்திரி எட்டு மணி. அந்த நேரத்தில் எனக்கு விவாதம் — நாலு பேர் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பேசுவார்களே, அது. அதே நேரத்தில் என் மனைவி தனத்துக்கு அவளுடைய சீரியல். இருப்பது ஒரு டிவி.

எங்கள் ஊர் போடியில் பாதி மொட்டை மாடிகளில் டிஷ் மாட்டிய காதர்தான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர், மாடியிலிருந்து புதிதாக இன்னொரு ஒயரை இழுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன்.

"ஒரு ஒயர்ல ஒண்ணுதாண்ணே வரும். ஒண்ணை உள்ள புடிச்சு வெச்சுக்கிட்டு வெளிய வேற ஒண்ணைக் காட்டணும்னா, ரெண்டு ஒயர் வேணும்."

சரி, யாருடையதைப் பதிவு செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள் தனமே சொல்லிவிட்டாள் — நீங்கள் உங்கள் சண்டையைப் பாருங்கள், நான் மறுநாள் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்று. அன்றிலிருந்து எட்டு மணிக்குப் பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அது தனத்தின் சீரியல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்படி உள்ளே போனவற்றைத்தான் போன வாரம் திறந்து பார்த்தேன். முழுதாகப் பார்க்காத பதிவுக்குப் பக்கத்தில் பெட்டி ஒரு நீலப் புள்ளி வைக்கும். வரிசையாக நீலப் புள்ளிகள்... எண்ணினேன். முப்பத்தெட்டு!

முப்பத்தெட்டு நாள் சீரியலைத் தனம் தொடவே இல்லை. சாயங்காலம் நான் நடக்கப் போகிற நேரத்தில் அவள் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உடனே மனதில் இந்தப் பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதி முடித்துவிட்டேன். பதிவு செய்து வைத்தாலே பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது இல்லையா? கல்யாண வீடியோவை யார் திரும்பப் பார்க்கிறார்கள்? செல்போனில் எடுத்த படங்களை? 'அப்புறம் பார்க்கலாம்' என்பது 'வேண்டாம்' என்பதன் மரியாதையான வடிவம்... இப்படியெல்லாம். அதையே எழுதி அனுப்பியிருந்தால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

நல்லவேளை, மறுநாள் தனம் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

தனம் பகலில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கப் போகிறாள். பிளந்தது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், நல்ல பச்சை ஒரு பக்கம். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, வீட்டில் என் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று சேர்ந்தாள். அவள் உட்காருகிற வரிசையில், மலையடிவாரக் குரங்கணியிலிருந்து காலை பஸ்சில் இறங்கி வருகிற பெண்கள் சிலர். சாயங்காலமானால் அங்கே மேகம் இறங்கிவிடும். மழை வந்தால் டிவியில் படம் போகும்; படம் இருந்தால் கரண்ட் போகும். செல்போன் டவரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆகவே அந்தச் சீரியலைத் தினமும் அவர்களுக்குச் சொல்வது தனம்தான். அதே வரிசையில் ராசிங்காபுரத்துப் பெண்களும் உண்டு. அவர்கள் எட்டு மணிக்கு எதிர் சேனல்காரர்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு நாட்டம் இல்லை.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் போனபோது கதை நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் மணம் மூக்கைத் துளைக்க, கதவோரம் நின்றேன். கைகள் எதுவும் நிற்கவில்லை. தனத்தின் குரல் மட்டும் கேட்டது.

"மாமியாக்காரி வந்தா. பேப்பரை வாங்குனா. கையெழுத்தப் போட்டா. என் கிட்னியை எடுத்து மருமகளுக்கு வைங்கன்னுட்டா."

"யாரு, அந்த மாமியாளா?" என்றாள் ஒருத்தி.

"ஏன், மனுசின்னா மாற மாட்டாளா?"

"அவ தேளாச்சே, அக்கா."

"தேளுக்கும் கிட்னி ரெண்டுதான். சோலியப் பாருங்கடி."

எல்லோரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. குரங்கணிக்காரி, தனத்தைவிட வயதில் சின்னவள். கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு தனத்தையே பார்த்தபடி இருந்தாள். பிறகு அந்தக் காயை நல்ல பச்சையில் போட்டாள்.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். முப்பத்தெட்டு நாள் பார்க்காத கதையை இவள் எப்படிச் சொல்கிறாள்? இந்தக் கேள்வியோடு டிவி முன்னால் உட்கார்ந்து முதல் நீலப் புள்ளியை அமுக்கினேன். எல்லாவற்றையும் ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன், ஆனாலும் பார்த்தேன்.

முதல் புள்ளியில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மருமகளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு அவள் படுக்கையில் கிடக்கிறாள். பிறகு செத்துப் போகிறாள். படத்துக்கு மாலை போடுகிறார்கள். கடைசிப் புள்ளியில் மாமியார் தன் மகனுக்கு வேறு பெண்ணின் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிட்னியாவது, கையெழுத்தாவது!

இரண்டு கணக்கு வைத்திருக்கிறவர்களை எனக்கு வேலையில் இருந்த காலத்திலேயே பிடிக்காது. பெட்டிக்குள் ஒரு கணக்கு, வரிசையில் ஒரு கணக்கு. அதுவும் என் வீட்டிலேயே.

சாயங்காலம் தனம் வந்து கால் கழுவி, பூண்டு உரிக்க உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். டிவியில் அந்தப் பெண் செத்துப் பல நாளாகிவிட்டதே, நீ ஏன் அங்கே பொய்க் கதை சொல்கிறாய் என்று.

பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள். "செத்துருச்சா?" என்றாள். இன்னொரு பல்லை உரித்துப் போட்டாள். "அப்படித்தான் ஆகும்னு நெனச்சேன்."

பிறகு சொன்னாள். பேச்சியம்மாவின் மகள் செல்விக்கு அதே நோய். வாரத்துக்கு இரண்டு நாள் தேனிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். கட்டிக் கொடுத்த பெண்தான். நோய் என்று தெரிந்ததும் மாமியார் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

"அந்த டாக்டரு அப்படிச் சொன்ன அன்னைக்கே பாதியில டிவியை அமத்திட்டேங்க. மறுநா பேச்சி வந்து உக்காந்த ஒடனே, அந்தப் புள்ளைக்கு என்னாச்சுக்கான்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

"என்ன சொன்னே?"

"டாக்டரு பயப்பட வேணாம்னு சொல்லிட்டாருன்னேன். அதுக்கு அப்புறம்... தினமும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

முதலில் மருந்து. பிறகு கேரளாவிலிருந்து ஒரு நல்ல டாக்டர். பிறகு புருஷன் மனம் திருந்தியது. இப்போது மாமியாரின் கிட்னி. தினமும் காலையில் வாசல் தெளிக்கிற நேரத்தில் அன்றைய கதையை யோசித்துக்கொள்வாளாம்.

என் கவலையைக் கேட்க வேண்டுமா? இது வெளியே தெரிய எத்தனை வழி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாள் மழை பெய்யாமல் போகலாம். குரங்கணியில் கரண்ட் நிற்காமல் போகலாம். ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி தப்பான பொத்தானை அமுக்கி இந்தச் சேனலுக்கு வந்துவிடலாம். அன்றைக்குப் பேச்சியம்மா எதிரே வந்து உட்கார்ந்தால் தனம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? இத்தனை நாள் கொடுத்த தைரியமெல்லாம் ஒரே காலையில் என்ன ஆகும்?

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள் தனம். ஆனால் குரல் அப்படிச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "அந்தப் பழசையெல்லாம் அழிச்சிருங்களேன்" என்றாள். நான் அழிக்கவில்லை. ஆதாரத்தை அழித்துப் பழக்கம் இல்லை எனக்கு.

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். குரங்கணி பஸ் நிற்கிற இடத்தில் பேச்சியம்மா பையோடு நின்றிருந்தாள். தப்பித்துப் போய்விடலாம் என்று திரும்புவதற்குள் பார்த்துவிட்டாள்.

செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தெம்பாக இருக்கிறாள், நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாள் என்றாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கொஞ்சம் கிட்ட வந்தாள்.

"அண்ணே, அக்கா அந்த நாடகத்தை வீட்ல பாக்குதா?"

பதிவாகிக்கொண்டிருக்கிறது, அவளுக்குப் பார்க்க நேரமில்லை என்று ஏதோ சொன்னேன்.

"பாக்க விடாதீங்க. டிவில அந்தப் புள்ள செத்துப்போச்சு."

அவளே சொன்னாள். தேனி ஆஸ்பத்திரியில் செல்வியை உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்திருப்பார்களாம். அங்கே ஒரு டிவி. முந்தின ராத்திரி போட்ட சீரியலை மத்தியானம் மறுபடியும் போடுகிறார்கள். மாலை போட்ட படத்தை அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"செல்வியும் பார்த்தாளா?"

"பாத்துச்சு. ஒண்ணும் பேசல. மறுநா நான் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், வாசல்லயே நிக்கிறா. என்ன கேட்டாங்கிறீங்க? 'இன்னைக்கு அக்கா என்ன சொல்லுச்சு?' அப்படிங்கிறா."

பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்னு அக்காகிட்டச் சொல்லிராதீங்கண்ணே. தெரிஞ்சா நிறுத்திரும். மாமியா மனசு மாறி ரெண்டு நாதான் ஆகுது."

பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

காதர் சொன்ன ஒயர் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்ட ரெண்டு ஒயர் வேண்டும். பேச்சியம்மா மாலை போட்ட படத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒன்றும் தெரியாத முகத்தோடு தனத்தின் எதிரே உட்கார்ந்து, 'அப்புறம் என்னாச்சுக்கா?' என்று கேட்கிறாள். செல்வியும் அப்படித்தான், வாசலில் நின்றுகொண்டு. தனமோ அவர்களைத் தான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்? யோசித்துப் பார்த்தேன். இந்தக் கணக்கில் என்னால் பற்றும் வரவும் பிரிக்க முடியவில்லை.

நம் எல்லோர் வீட்டிலும் இது நடக்கிறதுதானே? நோயாளியிடம் டாக்டர் சொன்னதை நாம் மறைக்கிறோம். அவருக்குத் தெரியும் என்பதை அவர் நம்மிடம் மறைக்கிறார். நடுவில் காப்பி ஆறிப்போய்விட்டது, மழை வரும் போலிருக்கிறது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சைப் பொய் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அத்தனை நீலப் புள்ளிகளையும் அழித்தேன். தினமும் தானாகப் பதிவாகிற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். அதற்கு நாலு புதுப் பொத்தான்களைப் பழக வேண்டியிருந்தது. இப்போது மொத்தம் பதினொன்று.

எட்டு மணிக்கு விவாதம் வந்தது. சிவப்புப் புள்ளி எரியவில்லை. இரண்டாவது ஒயருக்கு இனிமேல் வேலை இல்லை; அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டதை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே சாதாரண முகத்தோடு உட்கார்ந்திருப்பது... சுலபமில்லை. எதையும் சொல்லாமல் வைத்திருந்து பழகாதவன் நான்.

நாலு பேரின் வாயையும் ஒரு பொத்தானால் அடைத்துவிட்டுத் தனத்திடம் கேட்டேன்.

"கிட்னி வெச்ச பிறகு என்ன ஆகுது?"

தனம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று யோசித்திருப்பாள். நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"இன்னும் யோசிக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒடம்பு தேறினதும் மாமியாளே ஜீப்பு புடிச்சுக்கிட்டு வர்றா, புள்ளையக் கூட்டிட்டுப் போக. நல்லாருக்குமா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்" என்றேன். "வெரசாக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

ஊர் பெயர்கள் நிஜம். ஆள் பெயர்களை மாற்றிவிட்டேன். சீரியலின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தனம் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாள் — வீட்டில் கேட்பதே போதும் என்பாள். பேச்சியம்மா உண்மையைத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது இதுவரை மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, செல்விக்கு, எனக்கு. இப்போது உங்களுக்கும்.

போடி வாசகர்களே, தயவுசெய்து எண்ணிக்கையை அதற்கு மேல் ஏற்றிவிடாதீர்கள்.