அளவைக் குறைத்தேன், மாத்திரையை விடவில்லை

போன கோடையில், திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாக லித்தியம் என்ற மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். காரணமே இல்லாமல் மனம் உச்சிக்கு ஏறி, பிறகு பாதாளத்தில் விழும் வியாதி எனக்கு. வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியில் யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடுவோம்.

மாமியாரோடு சேர்ந்து நானும் உப்பில்லா விரதம் இருந்தேன். அதே சமயத்தில் கடையில் ஒரு பெட்டியைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டேன். வெயிலோ மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் சேலையில் கொட்டியது. வயிற்றுப்போக்கு வேறு. நடந்தால் தள்ளாட்டம், பேசினால் குழறல்.

திருவிழாவுக்கு வந்திருந்த கணவரின் பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு, நான் போடுவது என்ன மாத்திரை என்று விசாரித்தார். வழக்கம்போல் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தோம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கோயிலில் கொண்டுபோய் உட்கார வையுங்கள் என்றார். மாமியார் என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கருமந்தான் கண்ணு உன்னைய இப்படி ஆக்கிப்போடுச்சு. இன்னியோட உட்டுரு."

முன்பு ஒருமுறை இப்படித்தான் வீட்டில் மாத்திரையை நிறுத்த வைத்தார்கள். நிறுத்திய கொஞ்ச நாளில், உச்சி வெயிலில் செருப்பில்லாமல் சங்ககிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்திருக்கிறேன். திரும்பக் கூட்டி வந்தபோது என் மகள் என்னைக் கண்டு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அந்தப் பயத்தை அவள் முகத்தில் இன்னொரு முறை பார்க்க நான் தயாராக இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். நாக்கு குழறியது. இருந்தும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"இது சத்து மாத்திரை இல்லீங்க. எனக்கு மனசுல வியாதி. அளவு கூடிப்போச்சுன்னா டாக்டரு அளந்து பாத்துக் கொறைக்கட்டும். நீங்க சொல்றீங்கன்னு உடமாட்டேன்."

என் கணவர் அம்மாவின் கையிலிருந்து அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் மனநல டாக்டருக்குப் போன் போட்டார். லித்தியத்தையும் வலி மாத்திரையையும் இப்போதைக்குத் தொட வேண்டாம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. மாமியாரும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார்.

ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி ஏறியிருந்தது. படுக்க வைத்து, குளுக்கோஸ் பாட்டில் போல உப்புநீர் ஏற்றினார்கள். இந்த மருந்தைச் சிறுநீரகம் மட்டும்தான் வெளியேற்றுமாம். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் அது உப்போடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வலி மாத்திரை அந்த வேலையை இன்னும் மந்தமாக்கிவிட்டது. நான் விழுங்கியது வழக்கமான மாத்திரைதான். வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துவிட்டது. சிறுநீரகமும் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது.

"எவ்வளவு வியாதியோ அவ்வளவு மாத்திரைன்னு கணக்கு இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "உங்க உடம்பு எவ்வளவு வெளிய அனுப்புதோ, அதுக்கு ஈடாத்தான் நான் உள்ள கொடுக்கணும்."

அப்படியானால் நிறுத்திவிடலாமே என்று மாமியார் கேட்டார். வேறு மருந்துக்கு மாற்றலாம், அல்லது இதையே குறைத்து, அடிக்கடி ரத்தம் பார்த்துத் தொடரலாம், முடிவு உங்களுடையது என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்கும் மருந்து இதுதான், குறைத்துக் கொடுங்கள் என்றேன். அளவு இறங்கிய பிறகு, குறைத்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்.

விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்து பார்க்கலாமே என்று இழுத்தார். ரத்தப் பரிசோதனைக்கு எப்போதாவது அரை நாள் லீவு வேண்டும், மற்றபடி வேலையை விடுவதாக இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டேன். இன்றும் அதே கவுன்ட்டரில்தான் நிற்கிறேன்.

இப்போது ரத்தம் கொடுக்கச் சேலம் பஸ் ஏறும்போது எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்டால், மருந்தின் பெயரையும் வியாதியின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். என் உடம்பின் கணக்கை நானே தெரிந்து வைத்திருக்கும்வரை யார் முன்னாலும் தலை குனிய வேண்டியதில்லை என்ற தைரியம், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற அன்றுதான் எனக்கு வந்தது.