லண்டனில் நான் சிபாரிசு செய்யும் ஒரே ஒரு கடை

லண்டனில் மறக்க முடியாத மாதிரி எங்கே சாப்பிடலாம் என்று என் வேலை வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, கேட்டபோது நான் அவருடைய திரைச்சீலைகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அவர் எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய தங்கையின் பேத்திக்கு லண்டனில் பட்டமளிப்பு. பத்து நாள் பயணம். இங்கிலாந்தில் சாப்பாடே கிடையாது என்பது பலேர்மோக்காரருக்கு விசுவாசப் பிரமாணம் மாதிரி. சிஞ்ஞோரா உடுப்பு அடுக்குவதற்கு முன்னமே பெட்டிக்குள் நாலு பாக்கெட் பாஸ்தாவும் கோப்பி போடும் சின்னக் கேத்தலும் வைத்துவிட்டார்.

“உன் அக்கா அங்கேதானே இருக்கிறாள்? நீ நாலு தரம் போயிருக்கிறாய். ஒரு நல்ல கடை சொல்லு” என்றார்.

நாலு தரம் போனது உண்மைதான். ஆனால் எங்கள் தமிழ் ஆட்கள் லண்டனுக்குப் போவது சொந்தக்காரர் வீடுகளுக்கு. இன்றைக்கு மச்சான் வீடு, நாளைக்குச் சித்தி வீடு, நாளைக்கழித்து ஞானஸ்நானத் தகப்பன் வீடு. எங்கே போனாலும் சோறு, ஆட்டிறைச்சி, அதற்குமேல் ‘என்ன கொறிக்கிறியள், வடிவாப் போட்டுச் சாப்பிடுங்கோ’. ஒரு வீட்டு மேசையிலிருந்து இன்னொரு வீட்டு மேசைக்குப் போகும் வழியில் கார்க் கண்ணாடியால் தெரிவதுதான் எங்களுக்கு லண்டன்.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் விசாரித்தேன். வருடாவருடம் லண்டன் போகும் ஒரு அண்ணை, “கடையிலையோ? ஏன், உங்கட அக்கா வீட்டிலை அடுப்பு இல்லையே?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருத்தி ரூட்டிங் என்கிற இடத்தில் தோசைக்கடை ஒன்று இருப்பதாகச் சொன்னாள். “நல்லதோ?” என்றால், “நான் போகேல்லை, வெளியாலை நிண்டு படம் எடுத்தனான்” என்றாள். மூன்றாவது ஆள் ஈஸ்ட்ஹாமில் கொத்துரொட்டி என்றார். சிஞ்ஞோரா கொத்துரொட்டியின் உறைப்பைத் தாங்குவாரா? விடுங்கள். நாலாவது ஆள் நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் நிலையத்தில் தின்ற உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றி உருகி உருகிச் சொன்னார்.

உண்மையில் எனக்கு ஒரு கடை தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை. அந்தக் கடையால்தான் என் அக்கா மூன்று வருடமாக என்னோடு கதைப்பதில்லை.

அக்காதான் முதலில் பலேர்மோவுக்கு வந்து, பிறகு என்னைக் கூப்பிட்டவள். பன்னிரண்டு வருடம் இங்கே வீடுவீடாகத் துடைத்தாள். இத்தாலியப் பிரஜை ஆனதும் பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டாள். இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் வேலை.

கடைசியாகப் போன அந்தத் தடவை நானும் கணவரும் விமானம் இறங்கி அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கின இடம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. உள்ளே மஞ்சள் வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த ஏழெட்டு மேசை. என் கணவர் பலேர்மோவின் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தின் குசினியில் பதினெட்டு வருடமாக நிற்கிறார். சாப்பாட்டுக் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது மீன் சுடும் ஆள். உணவகம் என்றால் அவருக்குப் பின்கதவுதான் தெரியும்.

“இஞ்சேர், இண்டைக்கு ஒருநாள் நாங்களும் முன்னாலை இருந்து சாப்பிடுவமே?” என்றார்.

அவர் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கிற மனிதன் இல்லை. நான் எப்படி மாட்டேன் என்பது?

அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருவர் கதிரையை இழுத்து கணவரை இருத்தி, ‘சேர்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார். மனிதன் திரும்பிப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று பார்த்தார். ஃபிஷ் பை சொன்னோம். பாலில் வெந்த மீன் துண்டுகளுக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, மேற்பக்கம் பொன்னிறமாகும்வரை போறணை அடுப்பில் வைத்து எடுத்த சாப்பாடு. உறைப்பு மருந்துக்கும் இல்லை. ஆனால் சூடு நெஞ்சுவரை இறங்கியது. கணவர் ஒவ்வொரு கரண்டிக்கும் குசினிக் கதவைப் பார்த்தார். சாப்பிட்டு முடிந்ததும் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கைத்துணியால் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் ஓடிவந்து அவருடைய கையை மெல்லப் பிடித்து, “விடுங்கள், இன்றைக்கு இது என் வேலை” என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வெளியே வரும்போது கடையின் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தினார்.

அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும்தான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. இரண்டு நாள் லீவு எடுத்து, விடியப்புறம் சந்தைக்குப் போய் உயிர் நண்டு வாங்கி, கறி, பிரட்டல், முருங்கையிலைச் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி என்று அடுப்படியையே நிரப்பி வைத்திருந்தாள். ஐயோ மாதாவே! வீட்டுக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். நான் இரண்டு வாய்க்குமேல் முடியாமல் திணறினேன்.

“ஏன்டி, சுகமில்லையே?” என்று அக்கா கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள், பொய் சொல்லத் தெரியாத என் மனிதன், “வாற வழியிலை ஒரு கடையிலை சாப்பிட்டனாங்கள் அக்கா. நல்ல சாப்பாடு” என்றார்.

கடையில் சாப்பிட்டதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். ‘நல்ல சாப்பாடு’ என்றதைத்தான் தாங்கவில்லை. சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினாள். நானாவது வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். “ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஏன் உந்த எடுப்பு?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். நாங்கள் நின்ற ஐந்து நாளும் விருந்தாளிக்குத் தருவது போல எல்லாம் அளவாகத் தந்தாள். அதன்பிறகு நான் எடுத்த போனுக்குப் பதில் இல்லை. கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் வாட்ஸப்பில் ஒரு படம் வரும். என்னைத் தூக்கி வளர்த்தவள் யாரோ ஒருத்திக்கு அனுப்புவது போல ஒரு படம்! மூன்று வருடம் அதைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு வெந்தேன்.

கடைசியில் சிஞ்ஞோராவிடம் அந்தக் கடையையே சொன்னேன். ஏன் மறக்க முடியாது என்று கேட்டார். கணவர் கோப்பை அடுக்கியதைச் சொன்னேன். அக்காவின் கோபத்தைச் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கை வேலை வீட்டில் அவிழ்ப்பானேன்? அட்டையைக் கொடுத்தேன். வழி தவறினால் என்ன செய்வது என்று அவர் பயப்பட்டதால் அக்காவின் இலக்கத்தையும் கொடுத்தேன். அக்காவுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி எழுதினேன்: என்ர சிஞ்ஞோரா வாறா, இங்கிலீஸ் தெரியாது, கூப்பிட்டால் பார்த்துக்கொள். வாசித்ததற்கான நீலக் கோடு இரண்டும் விழுந்தன. பதில் இல்லை.

சிஞ்ஞோரா லண்டனுக்குப் போய் ஆறாவது நாள் மத்தியானம், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அக்கா!

அவசரத்தில் பச்சைப் பொத்தானை இரண்டு தரம் தவறவிட்டேன். முகம் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. பக்கத்தில் சிஞ்ஞோரா வாய் நிறையச் சாப்பாட்டோடு கையசைத்தார். பின்னால் அதே மஞ்சள் வெளிச்சம்.

“உன்ர சிஞ்ஞோரா வழி காட்டச் சொல்லிக் கூப்பிட்டவ” என்றாள் அக்கா. “கொண்டுவந்து விட்டிட்டுப் போவம் எண்டால், நீயும் இரு எண்டு கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. அடியே, இந்தப் பத்தியச் சாப்பாட்டைத் திண்டுபோட்டோ அண்டைக்கு வந்தனீங்கள்? உப்புமில்லை, உறைப்புமில்லை!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அக்கா” என்றேன்.

“உன்ர மனுசன் கோப்பை அடுக்கினவராம். இவ இப்பத்தான் சொன்னவ. ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?”

“நீ எங்கை சொல்ல விட்டனீ? சட்டியை எல்லோ மூடினனீ.”

“ஓம், மூடினனான்தான்.” போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சிஞ்ஞோராவுக்கு விளங்காத தமிழில்தான் கதைக்கிறோம் என்பதையும் மறந்து, இரகசியம் போலச் சொன்னாள்: “இருவத்தஞ்சு வரியமா வேலை வீட்டிலையும் என்ர வீட்டிலையும் நான்தானேடி எல்லாருக்கும் போட்டுக் குடுக்கிறன். எனக்கு முன்னாலை ஒருத்தர் ஒரு சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவந்து வைச்சது இண்டைக்குத்தான்.”

 நாலு தரம் அவள் வீட்டுக்குப் போனேன். நாலு தரமும் இருந்து வாங்கித் தின்றேன். ஒருநாளாவது அவளை இருத்தி ஒரு பிடி சோறு போட்டேனா? இல்லை. கோபித்துக்கொண்டு வந்தேன்.

“என்னிலைதான் பிழை அக்கா” என்றேன்.

“விடு விசரி. நீ அழுதுகொண்டு நிக்க, இது ஆறப்போகுது. நான் வைக்கட்டே?”

“வைக்காதை. போனை எங்கையாவது சாத்தி வைச்சிட்டு இருந்து சாப்பிடு. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“உனக்கு வேலை இல்லையே?”

“இல்லை.”

அக்கா போனைத் தண்ணீர்ச் சாடியில் சாத்தி வைத்தாள். நான் சிஞ்ஞோராவின் குசினிக் கதிரையில் இருந்து, என் அக்கா முதல் கரண்டியிலிருந்து கடைசிக் கரண்டிவரை, எழும்பாமல், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.