சந்தானத்தை ஏற்றாத பஸ்

என் நண்பன் சந்தானத்தைக் கொன்றது கடல் இல்லை, ஒரு பஸ் கண்டக்டர்.

மின்கம்பம் நடும் வேலைக்காக நாங்கள் செங்கல்பட்டில் தங்கியிருந்தோம். ஞாயிறு விடுமுறையில் மாமல்லபுரம் பார்க்கப் போனோம். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால், பாசிப் பாறையில் நின்ற சந்தானத்தை அலை இழுத்துவிட்டது. மீனவர் ஒருவர் பாய்ந்து தூக்கி வந்தார். மூச்சு இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மீனவரும் நானுமாக அவனைப் பஸ்ஸில் ஏற்றினோம்.

“பொணத்த ஏத்திக்கினு போவ முடியாது, எறக்குய்யா!” என்றார் கண்டக்டர்.

“கண்ண தொறந்துகினு கீறான். பொணமாய்யா இது?” என்று மீனவர் கத்தினார்.

இறக்கிவிட்டுத்தான் பஸ் கிளம்பியது. மாட்டு வண்டியில் போனோம். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போதெல்லாம் வெளியூர் வேலைக்குப் போனால் விடுமுறையிலும் நான் அறையைவிட்டு இறங்குவதில்லை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அந்தக் கண்டக்டர், நான் இதை எழுதும் இதே பத்திரிகையில் பதில் எழுதட்டும்: சந்தானம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா?