குஞ்சத்துக்குப் பூ வைத்த படம்

தொப்பூரில் லாரிகள் நிற்கும் டீக்கடை ஓரமாக உட்கார்ந்து குஞ்சம் கட்டுகிறேன். லாரி முகப்பில் திருஷ்டிக்குத் தொங்குமே, கறுப்பு நூல் குஞ்சம், அதுதான்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் நாமக்கல் லாரி முதலாளி ஒருவர் போன் செய்தார். பதினாலு வண்டிக்கும் வேண்டும், படம் அனுப்பு என்றார். கிடைத்தால் பூஜை வரைக்கும் இங்கேயே வேலை. இல்லாவிட்டால் கல் சுமக்க பெங்களூர் போக வேண்டும்.

என் மனைவியின் தம்பி, கைவினைப் பொருளைப் போனில் படம் எடுக்க தர்மபுரியில் ஒரு நாள் வகுப்புக்குப் போனவன். சாப்பாடு நன்றாக இருந்ததாம்.

"மாமா, தள்ளிக்க. இதுக்கெல்லாம் ஒரு நேக்கு இருக்குது."

உச்சி வெயிலில் வெள்ளை பெட்ஷீட்டை விரித்தான். குஞ்சத்தைச் சுற்றிச் சாமந்திப் பூ. ஓரத்தில் காபி டம்ளர்.

"டம்ளரு எதுக்கு?"

"அழகுக்கு மாமா."

டிரைவர் குஞ்சத்தைக் காபியில் நனைத்துக் குடிப்பான் போல. படம் போனது. முதலாளி உடனே கூப்பிட்டார்.

"என்னங்க இது, நரைச்ச சவுரிமுடியாட்டம் இருக்குது? கருகருன்னு இருந்தா அனுப்புங்க. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். இல்லீன்னா சேலத்துல வாங்கிக்கறேன்."

மச்சினன் போனை என்னவோ தடவினான். குஞ்சம் ஊதா நிறமானது. பூ மட்டும் ஜொலித்தது.

"இப்ப சூப்பரு மாமா."

"நீ போயி டீ குடி மாப்ள."

போனான். அந்த ஒன்றைச் சரியாகச் செய்வான்.

போனின் கேமரா கண்ணில் பஜ்ஜி எண்ணெய். வகுப்பில் அதைத் துடைக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. வேட்டியால் துடைத்தேன். நின்றிருந்த லாரியின் நிழல் பக்கம், பழுப்புத் தார்ப்பாயின் மேல் குஞ்சத்தைத் தொங்கவிட்டேன். திரையில் குஞ்சத்தின் மேல் விரல் பட்டதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சூரியன் வந்தது. கீழே இழுத்தேன். கறுப்பு கறுப்பானது. இழை இழையாகத் தெரிந்தது. அளவு தெரிய என் கையையும் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். பூ இல்லை.

"இது வேற சரக்குங்களா?" என்றார் முதலாளி.

"அதேதாங்க."

"அப்ப முன்னால அனுப்புனது?"

"அது எங்க மச்சினங்க."

மறுநாள் நேரில் வந்தார். குஞ்சத்தைக் கையில் கொடுத்தேன். முடிச்சைத் திருப்பிப் பார்க்கவில்லை. இழுத்துப் பார்க்கவில்லை. போனைப் பக்கத்தில் பிடித்து, படத்தையும் குஞ்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோல இருக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றார்.

பெரிய கண்டுபிடிப்பு. பதினாலு வண்டிக்கும் சொல்லிவிட்டுப் போனார். நான் நூல் கண்டைப் பிரித்தேன்.