அம்மா கழுவிய ஜல்லிக்கற்கள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுது என்றார் அப்பா. அதை எழுத அத்தை இருக்கிறார், மாமா இருக்கிறார். நான் அம்மாவின் சுத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். கடைசிவரை அதனோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. அது இன்னும் முடிந்தபாடில்லை.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூரில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் அம்மா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்பாவைக் கைப்பிடித்துப் பம்பாய் வந்து குடியேறியது தாராவியில், ஒற்றை அறையில். வாசலை ஒட்டிச் சாக்கடை. மழை வலுத்தால் அது உள்ளே வந்துவிடும். அப்படி ஒரு மழைக்காலத்தில் எனக்கு மூத்த ஆண் குழந்தையை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தார். அதன் பிறகு குடத்தின் அடியில் லேசாக வழுக்கினாலும் அம்மாவின் முகம் மாறிவிடும். பாசி என்பது அவருக்கு அழுக்கு அல்ல, எதிரி.

டிராம்பேயில் அப்பாவின் வேலை நிரந்தரமானதும் செம்பூரில் தரைத்தளத்து வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு இடம். அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை வந்தால் விளக்கிலிருந்து குளியலறை வாளிவரை எல்லாவற்றையும் தேங்காய் நாரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். அப்பா மட்டும் ஷிஃப்டுக்குப் போய்த் தப்பித்துக்கொள்வார்.

நான் பி.எஸ்ஸி. சேர்ந்த வருடம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. ரத்தம் மிகவும் குறைவு, தினமும் கீரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். வாங்கி வந்த பாலக் கீரையை அம்மா தொடவே இல்லை.

"ரயில்ல போம்போது பாத்தேம்லா. தண்டவாளத்து ஓரமா கீரைக்குச் சாக்கடத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துதான். அத நான் திங்கணுமா?"

"சமைச்சா எல்லாம் செத்துரும்மா."

"செத்தத மட்டும் எதுக்குட்டி திங்கணும்?"

சாக்கடை படாத கீரையை நானே வளர்த்துக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே வீம்பு பிடித்தேன். அம்மா ஒரு கட்டுக் கீரையாவது அருவருப்பில்லாமல் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாட்டுங்கா நடைபாதையில் பழைய பத்திரிகை விற்பவரிடம் ஓர் ஆங்கில அறிவியல் இதழ் கிடைத்தது. கீழே தொட்டியில் மீன். மேலே மண்ணே இல்லாமல் வெறும் ஜல்லியில் செடி. மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாகத் திருப்பி அனுப்பும். படித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. கட்டுரையின் மீதி அடுத்த இதழில் என்று போட்டிருந்தது. அந்த அடுத்த இதழ் எந்த நடைபாதையிலும் கிடைக்கவில்லை. மீதி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

தாராவியில் பழைய பீப்பாய்களைக் கழுவி விற்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நீலப் பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பாதி மீனுக்கு, மறு பாதி ஜல்லிக்கு. கூலர் மோட்டாரும் அவர் தேடிப் பிடித்ததுதான்.

"எக்கா, ஒம்மவ கல்லுல கீரை போடுதாளாம். அடுத்தால மோட்டார் நட்டு ரயிலு எடுப்பா!"

"நீ சிரிக்காத. எம்மவ செஞ்சு காட்டுவா" என்றார் அம்மா. என்னிடம் திரும்பி, "ஆனா மீன் மூத்திரத்துல வெளஞ்சத எனக்குப் போட்டுராத" என்றும் சொன்னார்.

அடுத்த வீட்டு மாவ்ஷியிடமும் அம்மா பெருமையடித்து வைத்தார். அந்த மராட்டி அம்மாள் தினமும் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாஜி கப் மிலேகி?" என்பார். கீரை எப்போது கிடைக்கும்? நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முளைக்கீரை முளைத்தது, இரண்டு இலை விட்டது, வெளுத்து நின்றுவிட்டது. குளத்தில் தூண்டில் போடுபவரிடம் வாங்கி வந்த ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளிவரை துள்ளும், சனிக்கிழமை மல்லாந்து மிதக்கும். புதுக் குஞ்சு வாங்கினேன். அவையும் மிதந்தன. மோட்டாரை மாற்றினேன். தீனியைக் குறைத்தேன், கூட்டினேன். பீப்பாயில் முன்பு என்ன மருந்து இருந்ததோ என்று மாமாவோடு சண்டை போட்டேன். வெயில் அதிகம் என்று சாக்குக் கட்டினேன், போதவில்லை என்று அவிழ்த்தேன். கல்லூரியில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, நான் செத்த மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜல்லி ஒன்றுதான் எப்போதும் பளிச்சென்று இருந்தது. அதில் மட்டும் எனக்குக் குறையே இல்லை.

ஜல்லி பளிச்சென்று இருந்ததற்குக் காரணம் அம்மா. வெள்ளிக்கிழமைக் கழுவலில் என் தொட்டியும் சேர்ந்துவிட்டது. மூச்சிரைக்க முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் தேய்ப்பார். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலையில் குழாயில் வரும் குளோரின் மருந்து வாசனைத் தண்ணீரைப் புதிதாக நிரப்புவார். "நேத்துத் தண்ணியில உசுரு கெடக்கலாமா?" என்பார். மீன் செத்தால் கல்லில் அழுக்கு இருக்கிறது என்பது அவர் கணக்கு. அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திப்போச்சு" என்பார் அப்பா.

மழைக்காலம் முடியும்போது அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் ஏற்றினார்கள். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். மூன்று வாரம் நானும் அப்பாவும் முறை வைத்து உடன் இருந்தோம். தொட்டியை நான் மறந்தேபோனேன். அப்பாதான் போகிற வருகிற வேளையில் மிச்சமிருந்த மீன்களுக்கு ஒரு பிடி பொரியைப் போடுவார்.

"கல்லக் கழுவினியளா?" என்று மூச்சுக்கு நடுவே அம்மா கேட்டார்.

"கழுவியாச்சு, கழுவியாச்சு. நீ கண்ண மூடிப் படு" என்றார் அப்பா. தேங்காய் நாரை அவர் கையால் தொட்டதே கிடையாது.

அம்மா வீடு திரும்பவில்லை.

துக்க வீட்டில் வெள்ளிக்கிழமைக் கழுவல் கிடையாது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் போட வாளி தேடிப் பின்பக்கம் போனேன். மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜல்லி முழுக்க பழுப்பாய் ஒரு வழுவழுப்பு. அதற்கு மேலே முளைக்கீரை கணுக்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாய் நின்றது. கீழே மீன்கள் கொழுத்திருந்தன.

வாளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரி திறந்ததும் தாவரவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அந்த வழுவழுப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன, மீன் கழிவைச் செடிக்கு உணவாக மாற்றுவது அவைதான், அவை இல்லாவிட்டால் அந்தக் கழிவே மீனைக் கொன்றுவிடும், அவை வந்து ஒட்டிப் பெருகவே வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

"வாரா வாரம் கழுவினா, மேடம்?"

"வாரா வாரம் அதுக்கு மறுபடி முதல் நாள்தான்."

பத்திரிகைக் கட்டுரையின் மீதிப் பாதியில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். யாரைத் திட்டுவது? பாசிக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவர், மகளின் மீன் பிழைக்கட்டும் என்று மூச்சுத் திணறத் தேய்த்திருக்கிறார். அவர் தேய்க்கத் தேய்க்க அது செத்திருக்கிறது. அவர் தேய்ப்பதை நிறுத்தியதும் பிழைத்துக்கொண்டது. இந்தக் கணக்கில் எனக்குச் சமாதானம் கிடையாது. நேரம் ஆற்றும் என்று சொன்னவர்களுக்கு நன்றி, இன்னும் ஆறவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "முன்னமே தெரிஞ்சிருந்தா மட்டும்? பாசிய விட்டுவையின்னா அவ விட்டிருப்பாளா?" என்றார்.

விட்டிருக்க மாட்டார். நான் விளக்கியிருப்பேன், அவர் நாரை எடுத்திருப்பார். நான் கத்தியிருப்பேன், "ஏட்டி, போ, பெரிய படிப்பு" என்றிருப்பார். மாமாவையும் மாவ்ஷியையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருப்போம். நியாயம் என் பக்கம் இருக்கிறது. சண்டைக்குத்தான் ஆள் இல்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் கூப்பிடாமலே வந்து ரத்தம் கொடுத்த அப்பாவின் ஷிஃப்டு நண்பர்களுக்கும், அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் சகோதரிக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைத் தன் அடுப்பில் சேர்த்துக்கொண்ட மாவ்ஷிக்கும், பீப்பாய்க்கு வாங்கிய திட்டை மனதில் வைக்காமல் எல்லாக் காரியத்திலும் முன்னின்ற மாமாவுக்கும், ஊரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயில் பிடித்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைய படையலிலும் உங்கள் இலையிலும் இருக்கும் கீரைப் பொரியல் அந்தத் தொட்டியில் விளைந்தது. கல்லைக் கழுவவில்லை. ஆனால் கீரையை அம்மா கழுவும் விதமாகவே, தண்ணீர் மாற்றி மாற்றி, கை மரத்துப்போகும்வரை கழுவியிருக்கிறேன். யோசிக்காமல் சாப்பிடுங்கள். அம்மா, நீங்களும்.